அந்தத் தீர்மானத்துல இருந்து என் பேரை எடுத்துடுங்க: நம்ம குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சாருக்கும், செயலாளர் சாருக்கும், கமிட்டியில இருக்குறவங்களுக்கும், ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கை தூக்கின எல்லாருக்கும்,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடணும், அதனால கூட்டத்துக்கு வர முடியல. திங்கக்கிழமை காலைல குரூப்புல மினிட்ஸ் பாத்தேன். மூணாவது தீர்மானம், மெயின் ரோட்டு பழைய மாநகராட்சி ஸ்கூல் கட்டடத்துல நடக்குற வீடற்றோர் காப்பகத்தை "ஊருக்கு வெளிய" மாத்தச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும் மனு. நாலாவது தீர்மானம், கோயில் மதிலை ஒட்டின பிளாட்பாரத்துல யாரும் படுக்க முடியாத மாதிரி இரும்புக் கம்பி பதிக்க சங்க நிதியில இருந்து 38,000 ரூபா. கீழ "ஏகமனதாக நிறைவேறியது", அதுக்கும் கீழ கமிட்டி பேர் வரிசையில என் பேரு. நான் வரவே இல்ல, என்னை யாரும் போன்ல கூட கேக்கல, அப்புறம் எப்படி ஏகமனது?

மனு டிராஃப்டையும் படிச்சேன். "சமூக விரோதிகளின் நடமாட்டத்தால் பெண்களும் குழந்தைகளும் அச்சத்தில் வாழ்கின்றனர்." இந்த வரி யாரு எழுதுனதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நான்தான். 2021ல இதே காப்பகத்தை மூடச் சொல்லி முதல் மனு குடுத்தோமே, அதை எழுதினது நான், கையெழுத்து வாங்க பிளாக் பிளாக்கா ஏறி இறங்கினதும் நான். அப்ப நான் இணைச் செயலாளர். போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட்டா 17 வருஷமா ஃபார்மும் லெட்டரும் எழுதி எழுதி அந்த மாதிரி வரி எனக்கு தானா வந்துடும். ஆனா அதை எழுதுறப்போ அந்தக் கட்டடத்துக்குள்ள நான் ஒரு தடவைகூட காலு வச்சதில்ல. கையெழுத்து போட்ட 62 பேர்ல ஒருத்தரும் வச்சதில்ல. இப்ப அதே வரியை அப்படியே எடுத்து திரும்ப போட்டிருக்கீங்க. என் கையால எழுதின பொய்யை நான்தான் திருத்தணும், அதான் இந்த மடல்.

பொய்னு சொல்றது பெரிய வார்த்தைதான், யோசிச்சுதான் சொல்றேன்.

நான் அங்க போனது நல்ல எண்ணத்துல இல்ல. 2022 ஆகஸ்ட்ல என் பொண்ணுக்கு காலேஜ்ல என்எஸ்எஸ், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை காட்டணும், அந்த பேட்சுக்கு இந்தக் காப்பகத்தைதான் ஒதுக்கியிருந்தாங்க. ஆம்பளைங்க தங்குற இடம், பொண்ணை எப்படி தனியா விடுறதுன்னு பயந்து சனிக்கிழமை சாயங்காலம் கூடவே போனேன். ரெண்டு மணி நேரம் வாசல் பக்கத்து பிளாஸ்டிக் சேர்ல ஹேண்ட்பேக்கை மடியில இறுக்கி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரும் என்னை ஒண்ணும் பண்ணல, யாரும் என்கிட்ட வந்து பேசக்கூட இல்ல. ஒருத்தர் மட்டும் ஃபேனை என் பக்கம் திருப்பி வச்சிட்டு போனார். மூணாவது வாரம் காப்பாளர் தம்பி, "மேடம், நீங்க போஸ்ட் ஆபீஸ்னு பாப்பா சொல்லுச்சு, இந்த ஃபார்ம் கொஞ்சம் பாத்து தர முடியுமா"ன்னு கேட்டார். முதியோர் பென்ஷன் ஃபார்ம். பாப்பாவோட 240 மணி நேரம் எப்பவோ முடிஞ்சுபோச்சு, அவ இப்ப வேலைக்கே போறா, நான் இன்னும் சனிக்கிழமை தவறாம போயிட்டிருக்கேன்.

அந்த ஃபார்ம் ஒரு பெரியவரோடது. 71 வயசு, முப்பது வருஷம் அச்சாபீஸ்ல கம்போசிங் வேலை பாத்தவர், கம்ப்யூட்டர் வந்து அந்த வேலை போனப்புறம் ஒரு ஹோட்டல்ல பில் போட்டுக்கிட்டு அங்கயே மாடியில தங்கியிருந்தார், ஹோட்டலை மூடினதும் தங்குறதும் போச்சு. குடியால இல்ல, சூதால இல்ல, வேலையும் படுக்கையும் ஒரே இடத்துல இருந்துச்சு, ஒண்ணு போனதும் இன்னொண்ணும் போச்சு, அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டே வந்தேன், பேரு, அப்பா பேரு, வயசு, அப்புறம் "முகவரி"ன்னு ஒரு கட்டம், அங்க அவர் நிறுத்திட்டார். நானும் பேனாவோட நிறுத்திட்டேன். அன்னிக்கு வரைக்கும் ஆயிரக்கணக்கா ஃபார்ம் நிரப்பியிருக்கேன், அந்தக் கட்டத்துக்கிட்ட ஒரு மனுஷன் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல.

பென்ஷனுக்கு பேங்க் அக்கவுண்ட் வேணும், அக்கவுண்ட்டுக்கு ஆதார் வேணும், ஆதாருக்கு அட்ரஸ் புரூஃப் வேணும். இருக்குற ஒரு அட்ரஸ் இந்தக் காப்பகம்தான். அங்கீகாரம் உள்ள காப்பகத்தோட பொறுப்பாளர் குறிப்பிட்ட படிவத்துல சர்டிஃபிகேட் குடுத்தா ஆதாருக்கு அதை ஏத்துக்கிறாங்க, அதுவே எனக்கு அங்க போய்தான் தெரியும். அதுக்கப்புறம் இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை, திருப்பி அனுப்பினது, மறுபடி போட்டதுன்னு பதினாலு மாசம் ஆச்சு. நான் எழுதினப்போ பென்ஷன் 1,000 ரூபா, அவர் கைக்கு வந்தப்போ 1,200 ஆகியிருந்துச்சு. முதல் மாசப் பணத்துல அவர் வாங்கினது ஒரு லுங்கி, ஒரு பூட்டு. காப்பகத்து லாக்கர்ல போடுறதுக்கு சொந்தமா ஒரு பூட்டு. சாவியை அரைஞாண் கயித்துல கட்டி வச்சிருக்கார், இப்பவும் போனா காட்டுவார்.

காப்பகத்தை ஊருக்கு வெளிய மாத்தினா அந்த அட்ரஸ் போச்சு சார். ஆதார், பாஸ்புக், பென்ஷன் எல்லாத்துலயும் அந்த ஸ்கூல் கட்டடத்து கதவு நம்பர்தான் இருக்கு. இத்தனை பேரும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஓட்டர் லிஸ்ட்ல கூட பாருங்க, வீடில்லாதவங்க பேரு சேக்க அட்ரஸ் புரூஃப் கேக்கக்கூடாதுன்னு தேர்தல் கமிஷன் விதியே இருக்கு, அவங்க குடுத்த இடத்துக்கு பூத் ஆபீசர் ராத்திரில போய் நெஜமாவே அங்க படுக்குறாங்களான்னு பாத்து பேரை சேக்கணும். அரசாங்கமே ராத்திரில எழுந்து வந்து பாக்கணும்னு விதி வச்சிருக்கு, எதிர்த்தாப்புல இருக்குற நாம ஒருநாள் சாயங்காலம் போய் பாக்கல.

எங்கம்மா யாரையாவது திட்டணும்னா "போக்கத்தவனே"ன்னுதான் திட்டுவாங்க. சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு அது வெறும் திட்டுன்னே நெனச்சிருந்தேன். போக்கிடம் இல்லாதவன்னு அர்த்தம். போக எடம் இல்லங்கறதை நம்ம ஊர்ல ஒரு வசவா ஆக்கி வச்சிருக்கோம், "வீடு வாசல் இல்லாதவன்"ங்கறதும் அப்படித்தான். மனு எழுதினப்போ என் மனசுல இருந்ததும் அதேதான், இடம் இல்லாதவன் ஏதோ தப்பு பண்ணினவனா இருக்கணும்னு.

கூட்டத்துல "எல்லாம் உக்காந்து தின்னுற கூட்டம்"னு ஒருத்தர் பேசினதா மினிட்ஸ்ல இருக்கு. பேரு போடல, யாருன்னு எனக்கும் வேண்டாம். காப்பகத்துல இப்ப 46 பேர், அதுல முக்காவாசி பேர் வேலைக்கு போறவங்க. காலைல அஞ்சு மணிக்கு போய் நின்னு பாருங்க, கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்க போறவங்க வரிசையா கிளம்புவாங்க. பின்னாடி கொடியில எப்பவும் ரெண்டு மூணு செக்யூரிட்டி யூனிஃபார்ம் காயும், ராத்திரி பூரா நம்மள மாதிரி அபார்ட்மென்ட் கேட்டுல உக்காந்துட்டு பகல்ல வந்து தூங்குறவங்களோடது. நாம நிம்மதியா தூங்கணும்னு சம்பளம் குடுத்து உக்கார வைக்கிறதும் அவங்களைத்தான், பக்கத்துல படுக்கக்கூடாதுன்னு மனு குடுக்குறதும் அவங்க மேலதான். அப்புறம் சமையல் வேலைக்காரங்க நாலு பேரு. மெயின் ரோட்டு மண்டபத்துல நம்ம வீட்டு விசேஷம் எத்தனை நடந்திருக்கு, அங்க சாம்பார் வைக்கிற அண்ணன் ஒருத்தர் இங்கதான் தங்குறார். முகூர்த்த நாள்ல மண்டபத்துலயே சாப்பாடு, அங்கயே படுக்கை. ஆடியும் மார்கழியும் வந்தா கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது, சோறும் கிடையாது. வருஷத்துல அந்த ரெண்டு மாசம் அவர் அம்மா உணவகத்து ஒரு ரூபா இட்லியில ஓட்டுறார். ஆயிரம் பேருக்கு சமைக்கிற கை.

சம்பாதிக்கிறாங்கல்ல, ஒரு ரூம் எடுத்து தங்க வேண்டியதுதானேன்னு நானும் அந்த சாம்பார் அண்ணன்கிட்டயே கேட்டேன். அவர் கோவப்படல. "அஞ்சு மாச அட்வான்ஸ் கேக்குறாங்கம்மா, சரி அதையும் சேத்துடலாம், தனி ஆளுக்கு யாரு குடுக்குறா"ன்னார். நம்ம சங்கத்து விதி 11 என்ன சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும், குடும்பம் இல்லாத ஆம்பளைங்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது. அந்த விதியை போட்டது நாம. பக்கத்து தெரு சங்கத்துலயும் அதே விதி. எல்லா கதவையும் நாம சாத்திட்டு, திறந்திருக்குற ஒரே கதவையும் மூடச் சொல்லி இப்ப மனு.

நான் அங்க பண்ணின ஒரு தப்பையும் சொல்லணும். பொண்ணு பொறந்தநாளுக்கு பிரியாணி வாங்கிட்டு போனேன், எல்லாரும் சாப்பிடுறதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். நம்ம குரூப்புலயும் போட்டேன், நிறைய பேர் கை கூப்பி ஸ்மைலி போட்டீங்க. மறுநாள் ராத்திரி அங்கிருந்து ஒருத்தர் காப்பாளர் போன்ல இருந்து கூப்பிட்டார். "அம்மா, அதை எடுத்துடுங்க. என் பொண்ணு வீட்டுப் பக்கம் யாராவது பாத்தா அவளுக்கு அவமானமா போயிடும், நான் ஏதோ கம்பெனியில தங்கியிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்." போனை வச்சதும் அழிச்சேன். என் பொண்ணோட பொறந்தநாளுக்கு அவர் தன் பொண்ணுக்கிட்ட மாட்டியிருப்பார். அன்னிலேர்ந்து அங்க போன் எடுக்குறதே இல்ல. ஆனா நம்ம குரூப்புல இன்னிக்கும் பிளாட்பாரத்துல தூங்குறவங்க போட்டோ "ஜாக்கிரதை"ன்னு சுத்திக்கிட்டிருக்கு. தூங்குற மனுஷனை போட்டோ எடுக்குறது என்ன நியாயம்? நம்ம வீட்டு ஜன்னல் வழியா ஒருத்தன் எடுத்தா விடுவோமா?

போன வருஷம் ஆவணியில சி பிளாக் வண்டி திருட்டு போச்சே, அதுக்கு வர்றேன். கேமரா வேலை செய்யல, யாரு எடுத்தான்னு யாருக்கும் தெரியாது, ஆனா காலைல எட்டு மணிக்கெல்லாம் சங்கத்துல இருந்து போலீசுக்கு போன் போயி காப்பகத்துல ரெண்டு பேரை விசாரணைக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. காப்பகத்துல ராத்திரி பத்து மணிக்கு கேட் பூட்டு, உள்ள வர்றவங்க வெளிய போறவங்க எல்லாம் ரெஜிஸ்டர்ல கையெழுத்து. அந்த ராத்திரி ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க, ரெஜிஸ்டர்ல இருக்கு, நானே பாத்தேன். நம்மள்ல யாரும் அதை கேட்டு பாக்கல. சாயங்காலம் விட்டுட்டாங்க. ஆனா அதுல ஒருத்தர் அன்னிக்கு லோடு வேலைக்கு போகாததால மேஸ்திரி வேற ஆளை சேத்துக்கிட்டார், மூணு வாரம் வேலையில்லாம இருந்தார். இன்னொருத்தர் திரும்பி வரவே இல்ல. துணி மூட்டை பத்து நாள் அங்கயே இருந்துச்சு, அப்புறம் காப்பாளர் எடுத்து உள்ள வச்சார். எங்க படுக்குறாரோ தெரியாது. வண்டி இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல, திருடனும் கிடைக்கல. மனுவுல மட்டும் "காப்பகத்தினரால் வாகனத் திருட்டு"ன்னு எழுதியிருக்கு. எந்த போலீஸ் ரெக்கார்டுல அப்படி இருக்கு செயலாளர் சார்? காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

சட்டை போடாம கோயில் மதில்கிட்ட நிப்பாரே அவரைப் பத்தியும் சொல்லணும். அவரைப் பாத்து பிள்ளைங்களை அந்தப் பக்க ரோட்டுல நடக்கச் சொன்னது நான். போன வருஷ கூட்டத்துல "ஒரு வேன் வச்சு ஏத்தி எங்கயாவது தள்ளி விட்டுட்டு வந்துடலாம்"னு ஒருத்தர் சொன்னப்போ நான் உக்காந்திருந்தேன், எதிர்த்து பேசல, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் வெக்கப்படுறேன். 2017ல வந்த மனநல பராமரிப்புச் சட்டத்துல நூறாவது பிரிவு இருக்கு. மனநோயோட தெருவுல அலையுறவங்களை பாதுகாப்புல எடுத்து அரசு மருத்துவமனைக்கு கூட்டிட்டு போறது போலீசோட கடமை, லாக்கப்புல வைக்கக்கூடாது. காப்பாளர் அதைச் சொல்லித்தான் ஸ்டேஷன்ல எழுதி வாங்கி கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு கூட்டிட்டு போனார், நானும் ஆட்டோவுல கூட போனேன். ரெண்டு மாசம் அங்க வச்சு பாத்தாங்க. இப்ப காப்பகத்துலதான் இருக்கார், சட்டை போட்டிருக்கார், காலைல வாசல் பெருக்குறார், மாத்திரையை காப்பாளர் கையில குடுத்து போட வைக்கிறார். இன்னும் தனியா பேசுவார், சில நாள் யாரையோ திட்டுவார், அது முழுசா போகல. இந்த ஊர்ல 1993லேர்ந்தே பான்யன் மாதிரி அமைப்புங்க தெருவுல விடப்பட்ட மனநோயாளிங்களுக்காக வேலை செஞ்சுக்கிட்டிருக்காங்க, மருந்து இருக்கு, வழி இருக்கு. வேன் ஏத்தி விட்டிருந்தா அவர் இன்னிக்கு எங்க இருந்திருப்பார்னு நெனச்சா எனக்கு தூக்கம் வரல.

உங்க புகார்ல நெஜமானதும் இருக்கு, அதை மறைக்கல. குடிக்கிறவங்க இருக்காங்க. குடிச்சிட்டு வந்தா உள்ள விடமாட்டாங்க, அப்ப அவங்க மதில்கிட்ட படுத்து சத்தம் போடுறது உண்மை, பி பிளாக் கீழ்வீட்டுல தூங்க முடியலன்னு அக்கா சொன்னதும் உண்மை. சந்து சுவத்துல ஒண்ணுக்கு போறாங்கங்கறதும் உண்மைதான். ஏன் போறாங்க? 46 பேருக்கு ரெண்டு கக்கூஸ், அதுல ஒண்ணு நாலு மாசமா அடைச்சு கிடக்கு. காலைல அஞ்சு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பணும். நாம ஒரு நாள் மோட்டார் ஓடலன்னா குரூப்புல எத்தனை மெசேஜ் போடுறோம்? அவங்களுக்கு குரூப் கிடையாது. அந்த ஒரு கக்கூஸை சரி பண்ணச் சொல்லி சங்க லெட்டர்பேட்ல நாலு வரி போயிருந்தா சந்து நாத்தம் பாதி தீந்திருக்கும்.

"ஊருக்கு வெளிய நல்ல காத்தோட்டமா வச்சுக்கட்டும்"னு தலைவர் சார் சொன்னீங்களாம். நல்ல மனசோடதான் சொல்லியிருப்பீங்க. ஆனா சார், விடிகாலை மார்க்கெட்டுக்கு முப்பது கிலோமீட்டர் தாண்டி எந்த பஸ்ல வருவாங்க? 1985லயே பம்பாய் பிளாட்பாரவாசிங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லுச்சு, அவங்க அங்க இருக்குறது வேலை பக்கத்துல இருக்குறதாலதான், வாழுற இடத்தை பிடுங்கினா பிழைப்பையும் பிடுங்குன மாதிரி. 2010ல அதே கோர்ட், பெரிய ஊர்கள்ல ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேணும், வருஷம் பூரா 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2013ல வந்த மத்திய அரசு திட்டத்துல ஆளுக்கு 50 சதுர அடி, அதுவும் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் மாதிரி அவங்க நடமாடுற இடத்துக்கு பக்கத்துலயே இருக்கணும்னு இருக்கு. 46 பேர் படுக்குற அந்த ஹால்ல ஆளுக்கு 50 சதுர அடியெல்லாம் இல்ல, அது வேற விஷயம். ஆக, காப்பகம் இங்க இருக்குறது யாரோ நமக்கு பண்ணின தொல்லை இல்ல, சட்டப்படி இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. பம்பாயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு கேக்காதீங்க, இதெல்லாம் காப்பகத்து சுவத்துல ஒட்டியிருக்குற பேப்பர்ல படிச்சு, அப்புறம் நம்ம டி பிளாக் வக்கீல் சாருகிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டது. அவர் கூட்டத்துக்கு வந்திருந்தா சொல்லியிருப்பார்.

கம்பி விஷயம். அந்த பிளாட்பாரம் மாநகராட்சியோடது, சங்கத்தோடது இல்ல, அதுல கம்பி பதிக்க நமக்கு யாரு உரிமை குடுத்தா? அங்க படுக்குறது காப்பகத்துல இடம் கிடைக்காத ஆறேழு பேரு, கூடவே பூ கட்டுற ஒரு அம்மா. வெள்ளிக்கிழமை நம்ம பாதி வீட்டுல சாமிக்கு போடுற பூ அவங்க கட்டினது. மிக்ஜாம் புயல்ல, 2023 டிசம்பர்ல, அவங்க பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மதில் இடுக்குல சொருகி வச்சிருந்த ரேஷன் கார்டு, ஆதார், புருஷனோட இறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணியில போயிடுச்சு. சான்றிதழ் தொலைச்சவங்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டப்போ நம்ம ஆளுங்களோட அவங்களும் வரிசையில நின்னாங்க, நான்தான் எழுதிக் குடுத்தேன். அவங்களுக்கு முன்னாடி நின்ன நம்ம பில்டிங் ஆளு ரெண்டு அடி தள்ளி நின்னார். அதே புயலுக்கு நம்ம கீழ்வீட்டுக்காரங்களும் மூணு நாள் மாடிப்படியில படுத்தாங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கு ஓடினாங்க. அந்த அம்மாவுக்கு ஓட மாடிப்படியும் இல்ல. இப்ப அவங்க படுக்குற இடத்துல கம்பி வைக்கணும்னு நம்ம மெயின்டெனன்ஸ் பணம், என் பணமும் சேத்து.

நாட்டுல 2011 சென்சஸ் எடுத்தப்போ பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி தெருத்தெருவா போய் வீடில்லாதவங்களை எண்ணினாங்க, 17.7 லட்சம் பேர். நாம ஒரு பிளாட்பாரத்துல கம்பி வச்சா அந்த அம்மா காணாம போகப்போறதில்ல, அடுத்த தெருவுக்கு போவாங்க, அந்த தெரு சங்கமும் கம்பி வைக்கும்.

நான் கேக்குறது இதுதான். மூணாவது தீர்மானத்தை வர்ற ஞாயித்துக்கிழமை அவசரக் கூட்டம் போட்டு வாபஸ் வாங்குங்க, மனு இன்னும் மண்டல அலுவலகத்துக்கு போகலன்னு தெரியும், போக வேண்டாம். முடியாதுன்னா என் பேரை அதுல இருந்து எடுத்துட்டு "ஏகமனதாக"ங்கறதையும் அடிங்க, நான் எதிர்ப்புன்னு மினிட்ஸ்ல எழுதுங்க. கம்பிக்கு ஒதுக்கின 38,000ஐ தொடாதீங்க, அதுல கக்கூஸ் அடைப்பை நாமளே எடுத்துக் குடுக்கலாமான்னு மாநகராட்சிகிட்ட அனுமதி கேப்போம், கூடவே இன்னும் ரெண்டு கக்கூசும் ராத்திரிக்கு இன்னொரு காப்பாளரும் வேணும்னு சங்கத்து பேருல லெட்டர் குடுப்போம், லெட்டரை நான் எழுதுறேன். குரூப்புல இருக்குற தூங்குறவங்க போட்டோ எல்லாத்தையும் அட்மின் இன்னிக்கே அழிக்கணும். மனுவுல இருந்து வண்டித் திருட்டு வரியை எடுக்கணும், அந்த லோடு வேலை அண்ணன்கிட்ட சங்கத்துல இருந்து யாராவது ஒருத்தர், செயலாளர் சார் வந்தா நல்லது, நேர்ல போய் தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லணும். அவர் கேக்கல, நான் கேக்குறேன். விதி 11ஐ பொதுக்குழுவுல மறுபடி பேசணும்.

கடைசியா ஒண்ணு. மறுபடி ஓட்டு போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு சாயங்காலம் அங்க வந்து ரெண்டு மணி நேரம் இருங்க. சாப்பாடு எடுத்துட்டு வர வேண்டாம், போட்டோ வேண்டாம். ஏ பிளாக்ல ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் இருக்கார், அக்கவுண்ட் முடங்கி கிடக்குறவங்க அஞ்சு பேருக்கு கேஒய்சி பண்ணணும். டாக்டர் மேடம் ஷுகர் பாத்தா போதும், பாதி பேருக்கு கால் புண்ணு. வக்கீல் சாருக்கு வேலை நிறைய இருக்கு. ஒண்ணும் தெரியாதவங்க சும்மா வந்து அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க, நானும் அப்படித்தான் உக்காந்தேன்.

வர்ற சனிக்கிழமை ஆறு மணிக்கு காப்பகத்து கேட்டுகிட்ட நிப்பேன். கண்ணாடி போடுறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க, பென்ஷன் ஃபார்ம்ல எழுத்து ரொம்ப பொடிசு.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாவது மாடி
முன்னாள் இணைச் செயலாளர், இந்நாள் கமிட்டி உறுப்பினர்